பானெட்டுக்குள் ஒரு முடிச்சு

'என்னங்க' என்றால் மட்டும் திரும்பிப் பார்க்கும் என்னவருக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், உங்கள் காரைத் தவிர. போன மாதத்திலிருந்து அது ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக அலற ஆரம்பித்தது. தாம்பரத்தில் நம் தெருவுக்கே தூக்கம் போச்சு. நீங்களோ ஹார்ன் அடிக்கக்கூட யோசிக்கிற ஆள்.

மேல் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. இரண்டு வாரம் பொறுத்தார்கள். பிறகு அசோசியேஷன் செக்ரட்டரி வந்தார். "மேடம், நீங்க ஓட்டவும் போறதில்ல. இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணுங்க, இல்லன்னா வித்துடுங்க" என்றார். நியாயமாகப் பேசினார், அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

முதலில் பூனை மேல் சந்தேகப்பட்டேன். பிறகு சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றினேன். ஓட்டாமல் நிற்கிற வண்டி, பெரிய பேட்டரி இறங்கியிருக்கும் என்றார்கள். அதையும் மாற்றினேன். அன்றைக்கும் அலறியது. கடைசியில் உங்கள் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, படுக்கப் போகும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடக் கற்றுக்கொண்டேன். பல்பு மாற்றக்கூட உங்களைக் கூப்பிட்டவள் நான். சிரிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பம்மலிலிருந்து எலக்ட்ரீஷியன் தாஸ் வந்தார். பானெட்டை நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி நல்லாத்தான் கீதுக்கா. இது இன்னா, இம்மாங் கயிறு?"

உங்களுக்குத் தெரியாததா? அமாவாசைக்கு அமாவாசை எலுமிச்சையும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு. வெளியே கட்டினால் அறுந்துவிடும் என்று, பானெட்டைத் திறந்து பூட்டுக் கம்பியில் கட்டி முன்னால் தொங்கவிடுவீர்கள். பழையதை அறுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுவீர்கள். நான் அறுக்கவில்லை. காய்ந்த எலுமிச்சையை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, மாதாமாதம் அதன் மேலேயே கட்டிவந்தேன். அடியில் இருந்தது நீங்கள் கடைசியாகப் போட்ட முடிச்சு.

"பானெட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச் கீதுக்கா. கயிறு மொத்தமா சேர்ந்து பானெட் முழுசா அமுங்கல. ராத்திரி லாரி போனா அதிருது. எவனோ தொறக்குறான்னு வண்டி கத்துது. எல்லாத்தையும் அறுத்துடவா?"

"இருங்க, நானே பண்றேன்" என்று கத்தரிக்கோல் எடுத்துவந்தேன். நான் கட்டியதெல்லாம் சுலபமாகப் போனது. உங்கள் முடிச்சில் கை நின்றுவிட்டது. தாஸ் டீக்கடைக்குப் போனார். நகத்தால் அவிழ்க்கப் பார்த்தேன். எண்ணெயும் தூசியும் ஏறி இறுகிக் கிடந்தது. அழுதேன். பிறகு அறுத்தேன். பானெட் ஒரே தட்டில் மூடிக்கொண்டது.

நான்கு ராத்திரியாக, வயரைக் கழற்றாமலே, வண்டி சத்தம் போடவில்லை. எனக்குத்தான் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அது அலறும்போதெல்லாம், நீங்கள்தான் கீழே வண்டியைத் திறக்கிறீர்கள் என்று ஒரு நொடி தோன்றும். சாவியைத் தேடி எழுந்த பிறகுதான் நீங்கள் இல்லை என்று நினைவு வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை நாள் தாஸைக் கூப்பிடாமல் விட்டேனா?

சரியாகிவிட்டது என்று செக்ரட்டரியிடம் சொன்னேன். "ஓட்டாம நிறுத்தினா மறுபடி ஏதாவது வரும் மேடம்" என்றார். அதுவும் சரிதான். திங்கட்கிழமையே டிரைவிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். லைசென்ஸ் வந்ததும் வருகிற முதல் அமாவாசைக்கு, நானே மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போய் எலுமிச்சை வாங்கிவருவேன். பழையதை அறுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுவேன். இது சத்தியம்.

இத்தனை வருடம் உங்கள் இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து வந்த மனைவி,
வசந்தி