ஒருத்திக்கு மட்டும் இடம்

16-6-63, ஞாயிறு

நாளை பள்ளிக்கூடம் திறக்கிறது. இரண்டு பாவாடையும் தைத்து முடித்தேன். ஒரே சீட்டித் துணி, பச்சையில் சிவப்புப் பூ. தேவியின் பாவாடையை மட்டும் நான்கு விரல் குறைத்துத் தைக்க வேண்டியிருந்தது. பத்மினிக்குப் பின்னாலேயே பிறந்தவள்தான். மூன்றாவது வயதில் வந்த அம்மை இவளை உலுக்கிவிட்டுப் போனது. அதிலிருந்து உடம்பு தேறவே இல்லை. பார்க்கிறவர்கள் இரட்டை என்று நம்புவதில்லை, அக்கா தங்கை என்கிறார்கள்.

போட்டுப் பார்த்த பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று இரண்டும் அடம். "பள்ளிக்கூடத்துல நாங்க ஒண்ணாதான குந்துவோம்?" என்று பத்மினி கேட்டாள். ஒன்றாகத்தான் என்றேன். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போட்டு முடித்து இவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா, ரெண்டும் கல்யாணத்துக்குக் கெளம்பிட்டாப்ல நிக்குதுங்க" என்றார்.

வெயில் இன்னும் குறையவில்லை. ஊரைச் சுற்றியுள்ள மலை இரவிலும் அனல் விடுகிறது.

17-6-63, திங்கள்

ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒருத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரிய வாத்தியார் ராஜாங்கம் ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்ததாகக் கணக்கு. பத்மினி தொட்டாள். தேவியின் விரல் காதுக்கு மேலே, முடியிலேயே நின்றுவிட்டது. தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சாய்க்கக் கூடாது பாப்பா" என்றார். நிமிர்ந்து நின்று மறுபடி முயன்றாள். முகம் சிவந்துபோனது. எட்டவில்லை.

"ரெண்டும் ஒரே நாள்ல பொறந்ததுங்க சார்" என்றார் இவர்.

"இருக்கட்டும் நயினாரே. கை எட்டலியே. இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? நல்லா சோறு போடுங்க, அடுத்த வருஷம் இட்டுனு வாங்க."

கெட்ட மனுஷர் இல்லை. தேவியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டேதான் சொன்னார்.

அப்படியானால் இரண்டு பேரையும் அடுத்த வருஷமே சேர்ப்போம் என்று வெளியே வந்து இவரிடம் சொன்னேன். "ஒண்ணுக்காவ இன்னொண்ணு ஒரு வருஷம் சும்மா குந்தினு இருக்கணுமா?" என்று கேட்டார். நான் எட்டாவது வரை படித்து என்ன பிரயோசனம். அவர் சொன்னதில் என்ன தப்பு என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஏதோ தப்பு என்று மட்டும் தெரிகிறது.

பத்மினியை உள்ளே விட்டுவிட்டு வந்தபோது அவள் அழவில்லை. தேவியும் பின்னாலேயே வருவாள் என்று நினைத்திருப்பாள்.

18-6-63, செவ்வாய்

இன்றைக்குத்தான் பத்மினிக்குப் புரிந்தது. வாசல் நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இவர் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போனார். தேவி தெருக்கோடி வரை பின்னால் ஓடினாள்.

பிறகு பகல் முழுக்க ஒரே கேள்வி. "பத்மினி இப்ப இன்னா பண்ணுவா?" எழுதுவாள் என்றேன். "இப்போ?" பாடுவாள். "இப்போ?" எனக்கென்ன தெரியும் கண்ணு. நான் என்ன அங்கேயா இருக்கிறேன்.

சாயங்காலம் கூப்பிடப் போனபோது ஒன்றாம் வகுப்பு ஜோசப்பின் டீச்சர் சொன்னார்கள்: "இவ பக்கத்துல யாரையும் குந்த விடலங்க. பாவாடைய விரிச்சி வெச்சிக்கினு, 'இது தேவிக்கு'ன்றா."

19-6-63, புதன்

இரண்டும் சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

20-6-63, வியாழன்

பொறுக்க முடியாமல் இன்று தேவியை இடுப்பில் வைத்துக்கொண்டு இடைவேளை நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை.

பத்மினி எங்களைப் பார்த்த உடனே ஓடி வந்தாள். இரண்டும் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்து மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரிடம் கேட்டேன். பேர் எழுத வேண்டாம், ஒரு ஓரமாக இவளும் சும்மா குந்தியிருக்கட்டுமே.

"எனக்கு மனசு இல்லாமயா? இடமும் இருக்குது. பெரியவர் ஒத்துக்கணுமே. நேத்தே நான் கேட்டுப் பாத்துட்டேன்" என்றார்கள். கொஞ்சம் தயங்கி, "நீங்க இங்க வராதீங்கம்மா. வந்தா ரெண்டுக்கும் கஷ்டம்" என்றார்கள்.

மணி அடித்தது. பத்மினி என் புடவையை விடவில்லை. டீச்சர் குனிந்து அவளிடம், "திரும்பிப் பாக்காம உள்ள போ கண்ணு. பாத்தாதான் அழுவ வரும்" என்றார்கள். நானே அவள் கையைப் பிரித்தேன். செவ்வாய்க்கிழமை இவர் செய்தபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது. அதையே நானும் செய்தேன்.

21-6-63, வெள்ளி

தேவி காணாமல் போய்க் கிடைத்துவிட்டாள். கிடைத்துவிட்டாள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினேன், இல்லை. கிணற்றடியில் இல்லை. பக்கத்து வீட்டு ராயம்மாளிடம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருப்பாள் என்று ஓடினேன். கேட்டருகில் இல்லை, மரத்தடியில் இல்லை, உள்ளே பாடம் நடக்கிற சத்தம். அப்புறம்தான் உறைத்தது: வழியில் பஸ் ஸ்டாண்டு. இன்று அமாவாசை, மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம்.

ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்த்தேன். மஞ்சள் புடவையும் வேப்பிலையும் மூட்டையும், எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். "பச்சப் பாவாட, சின்னக் கொழந்த" என்று ஒரு கண்டக்டரிடம் சொன்னேன். "எத்தினியோ கொழந்தைங்க ஏறுதும்மா, நான் எதைக் கண்டேன்" என்றான். அதற்குள் ஒரு பஸ் கிளம்பிவிட்டது. அதில் நான் பார்க்கவில்லை. அருகா, அதில் நான் பார்க்கவில்லையே.

ராயம்மாள் ஓடிப்போய்ச் சொல்லி இவர் வந்தார். மண்டியில் தராசுத் தட்டில் மூட்டையை வைத்தது வைத்தபடி. யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு அந்த பஸ் போன பக்கமே மிதித்துக்கொண்டு போனார். சைக்கிளால் பஸ்ஸைப் பிடிக்க முடியுமா. அது தெரியாதவரா அவர்.

நான் அங்கேயே நின்றேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் விட்டுப்போகும் என்று தோன்றியது.

ஜோசப்பின் டீச்சர்தான் தேவியைக் கையில் பிடித்து அழைத்து வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், முள்வேலிக்குள் நுழைந்து, ஒரு கல்லின் மேல் ஏறி நின்று சன்னல் வழியாக வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். கல் புரண்டு விழுந்த சத்தத்தில்தான் தெரிந்ததாம். "எவ்ளோ நேரமா நின்னாளோ. பத்மினி சன்னல் பக்கம்தான் இருந்தா. அவளாவது சொல்லியிருக்கலாம், சொல்லல" என்றார்கள்.

முழங்காலைக் கழுவி மஞ்சள் வைத்தபோது தேவி அழவில்லை. "பத்மினி என்னப் பாத்தா. நான் மெதுவா கூப்ட்டேன். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கினா" என்றாள்.

இவர் பாதி வழியில் ஆள் ஏற்ற நின்றிருந்த பஸ்ஸை எட்டிப் பிடித்து, ஏறித் தேடிவிட்டுத் திரும்பினார். குழந்தையைப் பார்த்ததும் வியர்வையில் நனைந்த சட்டையோடு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சமணர் வீடு எங்களுடையது, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இன்று யாரும் சாப்பிடாமலே விளக்கு வைத்தேன்.

22-6-63, சனி

காலையில் இவர் என்னிடம், "பேர அடிச்சிட்டு வந்துடட்டுமா? ரெண்டும் அடுத்த வருஷமே போவட்டும்" என்று கேட்டார். என்னைக் கேட்கிறார். திங்கட்கிழமை கேட்டிருக்கக் கூடாதா?

இவர் பத்மினியைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தார். "இனிமே நீ பள்ளிக்கூடம் போவ வேணாம். தேவியோட வீட்லயே இருக்கலாம். சரியா?"

அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் நினைத்தேன். "நான் போவணும்" என்றாள்.

"நேத்து ஏன் தேவியப் பாக்காத மாதிரி திரும்பிக்கின?" என்று கேட்டேன்.

"பாத்தா அழுவ வருமேம்மா."

தேவி கதவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரைத் தூக்குவது நான்? இந்தப் பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் பொய்யாகிவிடும்போல் இருந்தது. இரண்டு கையும் சும்மா தொங்கியது.

இவர் பேரை அடிக்கப் போகவில்லை.

23-6-63, ஞாயிறு

தொண்டூரிலிருந்து தம்பி வாசுபூஜ்யன் வந்தான். தேவியைக் கொஞ்ச நாள் அழைத்துப்போகட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். அனுப்பினால் நல்லதோ என்னவோ.

24-6-63, திங்கள்

காலையில் பத்மினி தானே தலையை வாரச் சொல்லி உட்கார்ந்தாள். தன் நைனா கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தெருக்கோடியில் திரும்பிப் பார்த்தாளா என்று நான் பார்த்தேன். தேவி பார்க்கவில்லை. உள்ளே புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கான கொட்டைகளையும் அவளே எறிந்தாள். மதியம் வரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மதியம் சாப்பிட வந்தபோது பத்மினிக்கு வாய் ஓயவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா என்று ஒரு பெண் உட்காருகிறாளாம். அவள் வீட்டில் ஆட்டுக்குட்டி இருக்கிறதாம். அவளுக்கு ஒரு பல் விழுந்துவிட்டதாம். தேவி சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

பிறகு, "நான் இருக்கேன்னு ஜெசிந்தாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

பத்மினி கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் சொல்லல. நாளைக்கி சொல்றேன்."

"சரி" என்றாள் தேவி.

இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். நான் மோர் ஊற்றினேன்.