பெட்டிக்கு அடியில் ஒட்டிய ரப்பர்

யங்ஸ்டவுன், ஒஹாயோ
மார்ச் 12

அன்புள்ள ரஸ்ஸல் அவர்களுக்கு,

பெர்னடெட் எழுதுவது. இங்கே ஏதோ இருக்கிறோம். அங்கே நலமா என்று கேட்பதுதான் முறை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரிந்துவிட்டதால் கேட்கவில்லை. இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தினால், "இரு பெர்னி, டார்லீன் பேசணுமாம்" என்று ரிசீவரை மனைவி கையில் கொடுத்துவிட்டு நழுவுகிறவர் நீங்கள். கடிதத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

பனி இன்னும் விடவில்லை. சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து தொடங்கிவிட்டது. பியரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தே என் மணிக்கட்டு போயிற்று. எங்கள் மகள் ஜனீன் அவள் அப்பா எமிலின் பிறந்தநாளுக்கு, எடையோடு உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆரஞ்சு நிறம், உள்ளே முழுக்க ஸ்பாஞ்சு, மூன்று அடுக்கு, பிய்த்து ஒட்டிக்கொள்ளலாம். தோளில் இரும்புப் பாரோடு உங்கள் சிநேகிதர் அதன்மேல் ஒருமுறை உட்கார்ந்தார். அது ஒரு பக்கமாக அமுங்கியது. "சோஃபால உக்காந்து எந்திரிக்கிறதுக்கு நான் எதுக்கு இந்தக் குளிர்ல கார் ஷெட்டுக்கு வரணும்?" என்றார். இப்போது அதில் நாய் படுக்கிறது. கொடுத்த காசுக்கு நாயாவது சுகமாகத் தூங்கட்டும்.

ஆகவே பழைய பெட்டிதான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்தீர்களே, அதே மரப்பெட்டி. தடித்த பிளைவுட், உள்ளே குறுக்குச் சட்டம், ஆணி ஆகாது திருகாணிதான் என்று ஒரு சனிக்கிழமை முழுக்க அடித்துக்கொண்டீர்கள். முழங்காலுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்து எழுந்தால்தான் எடை தூக்கியதாகக் கணக்கு, உயரமான பெட்டியில் உட்காருகிறவன் பார் ஸ்டூலில் உட்காருகிற குடிகாரன் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்கள். பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பெயிண்டால் 12 என்று எழுதியதும் நீங்கள்தான். பன்னிரண்டு அங்குலம், ஒரு நூல் கூடக்கூடாது. இரும்பு ஆலையில் உங்களுக்கு மேலே இருந்த எந்த அதிகாரிக்கும் நீங்கள் இருவரும் அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் பனி தள்ளிவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்ற அந்தப் பெட்டியில் உட்கார்ந்தேன். என் கால் தரையில் முழுதாகப் பதியவில்லை. நான் குள்ளம்தான், ஆனால் அறுபத்தாறு வயதில் இன்னும் குள்ளமாகிவிட்டேனா என்று பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்தேன். குதிரை லாயத்தில் போடுவார்களே கனத்த கறுப்பு ரப்பர் விரிப்பு, அதைப் பெட்டி அளவுக்கு அச்சாக வெட்டி, அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வைத்திருக்கிறார் உங்கள் சிநேகிதர். மேலே ஒட்டினால் தெரிந்துவிடுமே. விளிம்புக்கெல்லாம் பெட்டியின் நிறத்திலேயே பெயிண்ட் வேறு. யாரை ஏமாற்ற? அந்த ஷெட்டுக்கு வருகிறவர்கள் அவரும் நாயும் நானும்தான்.

"என்ன இது?" என்று கேட்டேன். "தரையில ஈரம் பெர்னி, மரம் உப்பிடும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து என்னிடம் இவ்வளவு மட்டமான பொய்யைச் சொல்லியிருக்க வேண்டாம்.

காரணம் நீங்கள். ஞாயிறு நாலு மணிக்கு நீங்கள் ஃப்ளோரிடாவிலிருந்து கூப்பிட்டு ஒரு எண்ணைச் சொல்கிறீர்கள். "அவன் நானூத்தி இருபது போட்டுட்டான் பெர்னி, மூணு தடவை" என்று இவர் முகம் செத்துப்போய் வருகிறார். அடுத்த ஞாயிறுக்குள் இவர் நானூற்று முப்பது பவுண்டு போட்டாக வேண்டும். கீழே இறங்கினால் எழ முடியாது. அதனால் இன்னொரு ரப்பர். பெட்டி உயர உயரப் பாரில் இரும்புத் தட்டுகள் ஏறுகின்றன, அத்தனையும் அவர் முதுகில் இறங்குகிறது.

அந்த முதுகைப் பற்றி அவர் உங்களிடம் மூச்சு விட்டிருக்க மாட்டார். ஜனவரியில் தபால்பெட்டி வரை போய் வந்தார், செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. இன்னொன்று பனியில் கிடந்தது. இடது பாதம் வெறுங்காலாகப் பனியில் நடந்து வந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். தண்டுவடத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனி தோளில் பாரம் ஏற்றினால் அந்தக் கால் திரும்ப வராது என்று டாக்டர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். வெளியே வந்ததும் உங்கள் சிநேகிதர் சொன்னது: "அவருக்கு என்ன தெரியும், கை குச்சி மாதிரி இருக்கு."

எனக்குப் பயமாக இருக்கிறது ரஸ்ஸல்.

நீங்களும் உங்கள் பெட்டிக்கு அடியில் ஏதாவது ஒட்டியிருப்பீர்கள் என்று நினைத்துத்தான் செவ்வாய்க்கிழமை டார்லீனைக் கூப்பிட்டேன். போய்க் கவிழ்த்துப் பார் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "எந்தப் பெட்டி பெர்னி? அதைப் பக்கத்து வீட்டுல பூந்தொட்டி வைக்கக் கொடுத்தாச்சு. அக்டோபர்ல நெஞ்சைத் திறந்து மூடின மனுஷன். பால் கேனைக்கூட நான்தான் தூக்கறேன். எமில்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

அக்டோபரிலிருந்து சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த மடையன் இங்கே நிஜ இரும்பைத் தூக்கி உங்கள் நாற்காலியோடு போட்டி போட்டிருக்கிறார். உங்கள் இருவரில் யார் பெரிய முட்டாள் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். முடிவுக்கு வர முடியவில்லை.

இன்னொன்றும் டார்லீன் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நீங்கள் ஷூ போட்டுக்கொண்டு தலை வாரி உட்கார்ந்துவிடுகிறீர்களாம். ஃபோன் பேசத் தலை வாருகிற ஆம்பிளையை நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே இவர் மூன்று மணியிலிருந்து ஃபோனுக்குப் பக்கத்திலேயே எதையாவது துடைத்துக்கொண்டிருக்கிறார். எமிலின் அம்மா செத்த அன்றைக்குக்கூட நீங்கள் கூப்பிட்டு முழங்காலில் சுற்றுகிற பட்டையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினீர்கள். ஃபோனை வைத்த பிறகுதான் அவர் அழுதார். எடையைத் தவிர வேறு பேச்சுத் தெரியாத இரண்டு கட்டைகள். எண் நின்றுவிட்டால் ஃபோனும் நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள், இரண்டு பேரும்.

நானே அவரிடம் உங்கள் நெஞ்சு விஷயத்தைப் போட்டு உடைத்துவிடலாம். பாரைக் கீழே வைத்துவிடுவார். ஆனால் ஏமாந்துபோன வெட்கத்தில் உங்கள் ஃபோனை எடுக்கவே மாட்டார். அப்புறம் ஞாயிறு நாலு மணிக்கு அவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நீங்களே சொன்னால்தான் அவரும் தன் காலைப் பற்றி வாயைத் திறப்பார்.

வரும் ஞாயிறு வழக்கம்போலக் கூப்பிடுங்கள். எண் எதுவும் சொல்லாதீர்கள். நெஞ்சைத் திறந்தார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வார்த்தை வராவிட்டால் ஃபோனை வைத்துவிடாமல் சும்மா இருங்கள். இவரும் சும்மாதான் இருப்பார். நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

நெஞ்சு நல்லபடியாக ஆறட்டும். கடவுள் உங்களை எங்களுக்கு விட்டு வைக்கட்டும்.

பெர்னடெட்