திரைக்குப் பின்னால் எலி

ஜூன் 7, சனி

நூலகத்தில் குழந்தைகள் பகுதி. மகளைப் பார்க்க வாரம் ஒரு மணி நேரம் என்று ஏற்பாடு. பாப்பாவை அவளுடைய பெரியம்மா அழைத்து வந்தார். மனைவி வரவில்லை. அவள் அக்கா வீட்டுக்குப் போய் இன்றோடு ஐந்து வாரம்.

"தம்பி, தங்கச்சி சொல்லியிருக்கா. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பேன்" என்றார் பெரியம்மா. சரி என்றேன். வேறென்ன சொல்ல?

நூலகர் அம்மா ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்துத் தந்தார். ஒரே வீட்டில் ஒரு யானையும் ஒரு எலியும். யானைக்குக் கோபம் வந்தால் வீடே அதிரும், கப்பெல்லாம் விழுந்து உடையும். நன்றாக வாசித்துக் காட்ட வேண்டுமென்று, யானை கத்தும் இடத்தில் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். நிமிர்ந்து பார்த்தால் பாப்பா பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறாள்.

நான் கத்தவில்லை. வாசித்தேன், அவ்வளவுதான்.

ஆனால் எது வாசிப்பு, எது நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 8

எழுதிவிடுகிறேன். மனைவி கிளம்பிப் போன அந்த வாரம், சாப்பாடு ஆறிப்போச்சு என்று பீங்கான் தட்டைச் சுவரில் எறிந்தேன். சில்லு ஒன்று தெறித்து பாப்பாவின் புருவத்தில். மூன்று தையல். மருத்துவமனையில் "கை தவறி விழுந்துடுச்சு" என்றேன். மனைவியும் தலையாட்டினாள். அவள் அக்காவுக்கும் இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.

தெரிந்தால் இந்த ஒரு மணி நேரமும் போய்விடும்.

ஜூன் 14, சனி

நூலகர் அம்மா காதோடு காதாகச் சொன்னார்: "நீங்க படிக்காதீங்க. படத்தைக் காட்டி அவளைச் சொல்லவிடுங்க. கடைசியில நீதி எல்லாம் சொல்லி முடிக்காதீங்க."

அதே புத்தகத்தை எடுத்தேன். இன்று பாப்பா பேசினாள்.

"எலி எங்க இருக்கு?"

"திரைக்குப் பின்னாடி."

"ஏன் அங்க இருக்கு?"

"யானையோட வண்டிச் சத்தம் கேட்டுச்சுல்ல. கேட்டதும் அங்க போயிடும்."

படத்தில் வண்டியே இல்லை.

தினமும் வேலை முடிந்து வண்டியில் வருவேன். கூடத்துத் திரைக்குக் கீழே இரண்டு சின்னப் பாதங்கள் தெரியும். கண்ணாமூச்சி என்று நினைத்தேன். "கண்டுபுடிச்சிட்டேன்!" என்று சிரித்தபடி திரையை இழுப்பேன். ஐயோ. எத்தனை நாள் அப்படிச் செய்தேன்.

ஜூன் 17

இன்று லிப்ட் பழுதுபார்க்கிற வேலையில் உதவியாளைப் பார்த்துக் கத்திவிட்டேன். லிப்ட் குழிக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஒரு நொடி உடம்பு ஒடுங்கிவிட்டது.

ஜூன் 21, சனி

வரவில்லை. காய்ச்சலாம், பெரியம்மா போன் செய்தார். நிஜக் காய்ச்சலா? என்னிடம் வரப் பிடிக்காத காய்ச்சலா? குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, அந்த ஒரு மணி நேரமும் தனியாகப் புத்தகத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் யானை பூ கொடுக்கிறது, எலி ஓடிவந்து கட்டிக்கொள்கிறது. இதை எழுதியவரும் என்னைப் போல ஒரு யானையாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 28, சனி

நிஜக் காய்ச்சல்தான். இளைத்திருந்தாள்.

கடைசிப் பக்கம் வந்ததும் அதை விரலால் தட்டிச் சொன்னாள்: "இது பொய். எலி இப்பவே வராது."

எப்போது வரும்? கேட்கப் பயமாக இருந்தது. "எலிக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

"யானை பொய் சொல்லக்கூடாது. கப்பெல்லாம் தானா விழுந்துச்சுன்னு சொல்லக்கூடாது."

பெரியம்மா செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரம். வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. புத்தகத்தை மூடி வைத்தேன்.

"தட்டு தானா விழல பாப்பா. அப்பாதான் எறிஞ்சேன். உனக்கு அடிபட்டது என்னாலதான்."

"தெரியும்" என்றாள்.

பெரியம்மா தலை நிமிர்த்தினார். மணி ஆவதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூன் 30

போன் இல்லை. சொல்லாமல் இருந்திருந்தால்— இல்லை.

ஜூலை 2

மனைவி கூப்பிட்டாள். இத்தனை வாரத்தில் முதல் முறை.

"அக்கா முன்னாடி நீங்களே சொன்னீங்களாமே."

"ம்."

"எனக்கும் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. அக்கா இனிமே அனுப்பவே கூடாதுன்னா. நான்தான் போகட்டும்னு சொல்லியிருக்கேன். வீட்டுக்கு வந்துடுவேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

நினைத்தேன். அவள் சொன்னது சரி என்பதால் அப்படிச் சொன்னேன்.

ஜூலை 5, சனி

பெரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வந்திருந்தார். பாப்பா தானே அலமாரிக்குப் போய் வேறொரு புத்தகம் எடுத்து வந்தாள். நாரை ஒன்று ஊர் ஊராகப் பறக்கிற கதை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து படம் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. நாரை கடலைத் தாண்டும்போது நடு நாற்காலிக்கு மாறினாள்.

அவள் தோள் என் முழங்கையில் பட்டது. பக்கம் திருப்பினால் கை அசையுமே என்று அப்படியே இருந்தேன்.

அவளே திருப்பினாள்.