வலது காதால் எழுதிய பரீட்சை

ஆகஸ்ட் 4, திங்கள்

விடியும்போதே புழுக்கம். வோல்டேஜ் இல்லை, மின்விசிறி சும்மா பேருக்குச் சுற்றுகிறது. பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அயர்லாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக இந்த இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும். போன தடவை எழுதுவதும் பேசுவதும் தேறிவிட்டன. கேட்பதிலும் படிப்பதிலும் விழுந்தேன். இந்த முறை அந்த இரண்டு மட்டும்.

லிஸனிங் பயிற்சி: நாற்பத்திரண்டில் இருபத்தொன்பது. தேறக் குறைந்தது முப்பது வேண்டும். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ஒரு வார்த்தையை விட்டுவிட்டு அதையே நினைத்தால் அடுத்த மூன்றும் போய்விடும்.

இன்று விட்டவை: ட்ரௌஸி (தூக்கக் கலக்கம்). ரேஷ் (தோல் தடிப்பு). டெண்டர் (தொட்டால் வலிக்கிறது என்று அர்த்தம். நான் ஏலம் என்று நினைத்தேன்).

ஹெட்போனோடு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடா தேவா, தனியா பேசிகினு கீற? வேலைக்கு நாழியாவுல?"

கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு பஸ்ஸில் ரீடிங் பாதி முடித்தேன். மீதி பாதியை ஒரு மீன் கூடை நனைத்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

பதினொன்றரைக்கு ஜிஎஸ்டி ரோடு விபத்து ஒன்று கேஷுவால்டிக்கு வந்தது. பையனுக்கு இருபத்திரண்டு வயசு. பைக், லாரி. ஹெல்மெட் இல்லை. உள்ளே வரும்போதே துடிப்பு இல்லை. நான்தான் நெஞ்சை அமுக்கினேன். நாற்பது நிமிஷம். என் வியர்வை அவன் முகத்தில் சொட்டியது. ஒரு விலா உடைந்தது கையில் தெரிந்தது. அப்படித்தான் ஆகும், நிறுத்தக் கூடாது. பிறகு டாக்டர் நிறுத்தச் சொன்னார். "வெளியில சொல்லிடு தேவா" என்றார்.

வெளியில் முப்பது பேர். சதுரங்கப்பட்டினத்துக்காரர்கள். அண்ணன் யார் என்று கேட்டேன். ஒல்லியாக, சட்டையெல்லாம் கல் தூசியோடு ஒருவர் முன்னால் வந்தார். சொன்னேன். நான் சொன்னது புரியாதவர் மாதிரி ஒரு நொடி பார்த்தார்.

"இன்னாடா பண்ணிகினு இருந்தீங்க உள்ள, இம்மாம் நேரம்?"

அவர் கேட்டது அவ்வளவுதான் காதில் விழுந்தது. இடது காதில் அறை. உள்ளே ஏதோ கிழிந்தது. சத்தம் இல்லை, காற்று போனது. விழுந்த பிறகு யார் யார் உதைத்தார்கள் தெரியாது. கண்ணாடிக் கதவு என் மேல் உடைந்தது. சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி கம்ப்யூட்டரை அடித்தார்கள். இன்சார்ஜ் மேரி சிஸ்டர் என் மேல் குனிந்து நின்று அடிகளை முதுகில் வாங்கினார். ஐம்பது வயசு.

இடது காதில் விசில். குக்கர் விசில் மாதிரி, நிற்காமல்.

ஆகஸ்ட் 6, புதன்

காது டாக்டர்: ஜவ்வில் ஓட்டை. தானாக மூடும், ஆறு வாரம் எட்டு வாரம் ஆகும். தண்ணீர் படக் கூடாது. மூக்கைச் சிந்தக் கூடாது. பதினாறாம் தேதி பரீட்சை என்றேன். "வலது காது நல்லா இருக்கே" என்றார்.

பரீட்சையைத் தள்ளிப் போட முடியுமா என்று பார்த்தேன். நாள் தாண்டிவிட்டது.

மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். "கம்ப்ளெயின்ட் வேணாம் தேவா. சாவு வூடு. அவங்களும் பேஜார்ல கீறாங்க. நமக்கும் பேர் கெடும்." என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மேரி சிஸ்டர் முதுகு ஊதா நிறம். அவரும் கம்ப்ளெயின்ட் வேண்டாம் என்கிறார். ஜெபம் பண்ணு என்கிறார்.

அம்மாவிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வானம் மூட்டம், மழை இல்லை. லிஸனிங்: பதினெட்டு.

ஒலிப்பதிவில் பேசுகிறவள் வலது காதில் தெளிவாகத்தான் பேசுகிறாள். ஆனால் இடது காது விசில் அவள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பத்தாவது கேள்விக்கு மேல் அவள் குரல் போய், "இன்னாடா பண்ணிகினு இருந்தீங்க" வருகிறது. பென்சிலை மேஜையில் குத்தினேன். உடைந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும்.

அறைந்தவன் கழுத்தை நினைத்தேன். என் முட்டியை அதன் மேல் வைப்பதாக நினைத்தேன். எங்கே அமுக்கினால் எவ்வளவு நேரத்தில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அது படிப்பில் வந்தது.

சாயங்காலம் சதீஷ் வந்தான் (இனி ச.). ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதன், இப்போது டிப்பர் லாரி ஓட்டுகிறான்.

"யார் மச்சான் அடிச்சது? அட்ரஸ் குடு, போதும்."

"வேணாம்டா. பரீட்சை கீது."

"பரீட்சை நீ எழுது. நான் வேற எழுதறேன்."

சிரித்தேன். ஐந்தாம் தேதிக்குப் பிறகு முதல் சிரிப்பு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செத்த பையனின் கேஸ் ஷீட்டை ரெக்கார்ட் அறையில் எடுத்துப் பார்த்தேன். பார்க்கக் கூடாது. அண்ணன் பெயர் ஏழுமலை. தெரு, சதுரங்கப்பட்டினம். வேலை: மாமல்லபுரத்தில் கல் பட்டறை, பாலிஷ். கையெழுத்து நடுங்கி, கட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

போனில் படம் எடுத்தேன். பஸ்ஸில் ச.வுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு ரீடிங் பயிற்சி. நாற்பத்திரண்டில் முப்பத்தைந்து, இதுவரை இவ்வளவு வந்ததே இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

செய்துவிட்டோம்.

வரிசையாக எழுதிவிடுகிறேன். என் பைக். நான் ஓட்டினேன், ச. பின்னால், சட்டைக்குள் இரும்புக் குழாய். இருவருக்கும் ஹெல்மெட். ஆறரை மணி, வெளிச்சம் மங்கும் நேரம். ஏழுமலை வரும் வழியை ச. முன்னமே பார்த்து வைத்திருந்தான். கல்பாக்கம் போகும் வழியில் சவுக்குத் தோப்பு ஓரம் அவன் சைக்கிளில் வந்தான். ஹாண்டிலில் ஒரு தூக்குவாளி. நான் குறுக்கே நிறுத்தினேன். நான்தான் நிறுத்தினேன்.

ச. இறங்கிக் குழாயை எடுத்தான். தலைக்குத்தான் ஓங்கினான். ஏழுமலை கையைத் தூக்கித் தடுத்தான். வலது முன்கை. ஈரச் சுள்ளி உடையும் சத்தம், வலது காதில் சுத்தமாகக் கேட்டது. இரண்டு எலும்பும் என்று அப்போதே தெரிந்தது. அவன் சைக்கிளோடு சாய்ந்தான். வாளி திறந்து சோறு மணலில் கொட்டியது. ச. அவன் முதுகில் இரண்டு போட்டான்.

நான் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. இறங்கினேன். விலாவில் ஓர் உதை, என் உதை. ஷூ முழுக்க உள்ளே போனது.

அவன் யார் என்று கேட்கவில்லை. "அம்மா" என்றுகூடச் சொல்லவில்லை. "வுட்ருங்க, தம்பி காரியம் கீது, வுட்ருங்க" என்றான்.

ச. வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். திருக்கழுக்குன்றத்தில் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்: நன்றாக இருந்தது.

வீட்டில் லிஸனிங்: முப்பத்தொன்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

பகல் மூன்று மணி. கேஷுவால்டியில் மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மேரி சிஸ்டர் வந்து, "தேவா, உன்னப் பாக்க ஒருத்தர்" என்றார். திரும்பினால் ஏழுமலை.

தம்பியின் சாவுக் காகிதம் வாங்க வந்திருக்கிறான். மொட்டையடித்த தலை. வலது கையில் மூங்கில் பட்டை வைத்து நாட்டுக் கட்டு, துணித் தொட்டிலில் தொங்கியது. அடித்தது யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நைனா, அன்னிக்கு உன் மேல கை வச்சிட்டேன். நாப்பது நிமிசம் அவன் நெஞ்ச அமுக்கினு இருந்தது நீதானாம். சிஸ்டர் இப்பதான் சொல்லுச்சு. எனக்குத் தெரியாது நைனா. கண்ணு தெரியல அன்னிக்கு."

நான் மருந்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

"காது இப்ப எப்படி கீது?"

"கீது" என்றேன்.

அவன் விரல்களைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஐந்தும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. கட்டு இறுக்கம். சுண்டு விரலையும் மோதிர விரலையும் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டேன். "மரத்துப் போச்சு" என்றான். என்ன ஆயிற்று என்று மேரி சிஸ்டர் கேட்டார். யாரோ இரண்டு பேர், குடிகாரப் பசங்க என்றான்.

உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும், கட்டைப் பிரிக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் இங்கே கேஸ் போட்டால் ஏ.ஆர். புத்தகத்தில் ஏறும். அடிதடி, விபத்து எல்லாம் அதில்தான். ஏறினால் போலீஸுக்குத் தகவல். போலீஸ் அந்த ரோட்டு கேமராவைப் பார்ப்பார்கள். என் வண்டி நம்பர். அப்புறம் வெளிநாடு போக நன்னடத்தைச் சான்றிதழை யார் கொடுப்பார்கள்?

மேரி சிஸ்டர் போன் பேசப் போனபோது, மேல் முடிச்சு ஒன்றை மட்டும் தளர்த்தினேன். "கையத் தூக்கியே வச்சுக்கோ. நாளைக்கு வேற எங்கனா காட்டு."

"காரியம் முடியட்டும் நைனா" என்று போய்விட்டான்.

வேற எங்கனா என்றேன். நானே சொன்னேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருமுனையில் கொடி, மிட்டாய், ஒலிபெருக்கி. படிக்கவில்லை. ரீடிங் பகுதி ஒன்று: எலும்பு முறிவுக்குப் பின் நரம்பு பாதிப்பு. பக்கத்தை மூடிவிட்டேன்.

ச.வுக்கு போன் செய்தேன். "அவன் கை போய்டும்டா."

"போனா போவட்டும். உன் காது போச்சுல்ல?"

"காது மூடிக்கும். அது தொழில் பண்ற கை."

"தேவா, ஒன்னு கேட்டுக்க. எங்கயாவது வாயத் தொறந்த, சிநேகிதம்னு பாக்க மாட்டேன். லாரிய ஏத்திடுவேன்."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. குரல் தெரியும்.

ஆகஸ்ட் 16, சனி

சென்னை. காலை எட்டு மணிக்கே தேர்வு மையத்தில். ஏசி குளிர். பஞ்சு வைத்த காதோடு உள்ளே விடுவார்களா என்று பயந்தேன், எடுத்துக் காட்டச் சொன்னார்கள், விட்டுவிட்டார்கள். லிஸனிங் நன்றாகவே போனது. வலது காதை ஹெட்போனில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினேன். இரண்டு இடம்தான் விட்டேன். ரீடிங்கும் நேரத்தில் முடிந்தது. தேறிவிடுவேன் என்று எழுந்து நிற்கும்போதே தெரிந்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை.

மையத்துக்கு வெளியே ஒரு பெண் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் ஈசிஆர் பஸ்ஸைப் பிடித்தேன். மாமல்லபுரத்தில் மாறி சதுரங்கப்பட்டினம். ஏறும்போது என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

நான்கரை மணி. கோட்டைச் சுவர் தாண்டி இரண்டாவது தெரு. வாசலில் பந்தல் பிரித்த மூங்கில்கள். ஏழுமலை பிளாஸ்டிக் நாற்காலியில், கை தலையணை மேல். அவன் மனைவி கஸ்தூரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அட, நர்ஸு தம்பி. வா நைனா. கஸ்தூரி, நான் சொன்னேன்ல, அந்தத் தம்பி. டீ வை."

கையைப் பார்த்தேன். இரண்டு விரலும் அசையவில்லை. அசைக்கச் சொன்னேன், அவன் முகம்தான் அசைந்தது.

"டீ வேணாம். அன்னிக்கு சவுக்குத் தோப்புல வண்டி ஓட்டினு வந்தது நான்தான். விலாவுல உதச்சதும் நான்தான்."

அவன் முதலில் சிரித்தான். பிறகு என் ஷூவைப் பார்த்தான்.

கஸ்தூரி எழுந்தது தெரியவில்லை. மூங்கில் ஒன்று என் தோளில் இறங்கியது. அடுத்தது முதுகில். மூன்றாவது தலையில், நெற்றி கிழிந்தது. "சாவு வூட்டு சோறு கொண்டு போனான்டா அந்த வாளில. சாவு வூட்டு சோறு." ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னாள். நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் எங்கே உடையும் என்று தெரியும், இருந்தும் தூக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ கடற்கரைப் பக்கம் பார்த்து ஆம்பளைகளைக் கூப்பிடக் கத்தினார்கள்.

ஏழுமலை எழுந்து எங்கள் நடுவில் நின்றான். மூங்கில் அவன் கட்டுக் கைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"போதும் வுடு. என் தம்பி கூட்டாளிங்க வந்தா இவன இங்கியே வெட்டிருவானுங்க. இன்னொரு பொணம் தாங்காது இந்த வூடு." என்னிடம் திரும்பினான். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "எதுக்குடா வந்த? சொல்லிட்டா உனக்கு நல்லாயிடும்னா?"

"கைய இன்னும் காப்பாத்தலாம். நாளைக்குக் காலைல கோட்டைகிட்ட வண்டி எடுத்துனு வரேன். என்கூட வா."

அவன் நாற்காலிக்குத் திரும்பிக் கையைத் தலையணை மேல் வைத்தான். கஸ்தூரி மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நான் பின் சந்து வழியாக ஓடினேன். ஆமாம், ஓடினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தூறல். நெற்றியில் பிளாஸ்திரி. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, சட்டையை மட்டும் ஊற வைத்தாள். ச.விடமிருந்து எட்டு மிஸ்டு கால். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பினேன். தெருவுக்குள் போகவில்லை. கோட்டைப் பக்கம் ஏழுமலையும் கஸ்தூரியும் நின்றார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் அவனைப் பின்னால் ஏற்றிவிட்டாள்.

"இவன் கை வரலன்னா உன்னத் தேடி வருவேன்" என்றாள், வண்டியைப் பார்த்து.

முப்பது கிலோமீட்டர். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவன் பல்லைக் கடிப்பது தெரிந்தது.

கேஷுவால்டியில் மேரி சிஸ்டர். கட்டைப் பார்த்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். பிரித்ததும் ஏழுமலை ஊளையிட்டான். எலும்பு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்கே ஆபரேஷன். விரல் ரெண்டும் சொல்ல முடியாது, கை நிற்கும் என்றார் டாக்டர்.

மேரி சிஸ்டர் ஏ.ஆர். புத்தகத்தைத் திறந்தார்.

"அடிச்சது தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?"

ஏழுமலை சுவரைப் பார்த்தபடி, "தெரியாத ஆளு" என்றான்.

"இல்ல சிஸ்டர். தெரிஞ்ச ஆளு" என்றேன்.

"பேரு?"

என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயர், ஊர், தெரு. அவர் பேனாவை எடுத்தவர் எடுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க சிஸ்டர்" என்றேன்.