விரல் குடித்த மின்சாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தையல் மெஷினை மிதிக்க அம்மா விடுகிறாளா?

நேற்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை.

காது கேட்கும் கருவிக்குள் வைக்கும் பிராசஸர் சிப்பை இங்கே சோதிக்கிறோம். வேலை இல்லாதபோது அது தூங்கும். அப்போது பேட்டரியைத் தொட்டும் தொடாமலும்தான் குடிக்க வேண்டும். ஆனால் சிப் பொருத்தி நான் சோதித்த மின்சுற்றுப் பலகைகள் எல்லாம் மடக்கு மடக்கென்று குடித்தன. “சிப்பே கோளாறு, மொத்தத்தையும் தூக்கிப் போடுங்க” என்று மேலாளர் கத்திவிட்டார். அதை வடிவமைத்தவருக்கு முகம் செத்துப்போய்விட்டது.

பக்கத்து மேசைக்காரி ஒரு பலகையை ஸ்பிரிட்டால் துடைத்துப் பார்த்தாள். உடனே சரியாகிவிட்டது! “சிப் குடிக்கலடி, உன் கைரேகை குடிக்குது!” என்றாள். என் வேர்வையின் உப்பு வழியாக மின்சாரம் கசிந்திருக்கிறது. கையுறை நசநசக்கிறதென்று கழற்றி வைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல! ஒரு விரல் ஈரம் இத்தனை பேர் உழைப்பைக் கவிழ்க்கப் பார்த்ததே!

எல்லாம் உங்கள் கைதான் அப்பா. வெள்ளைத் துணியைத் தொடுமுன் பவுடர் பூசிக்கொள்வீர்களே, அதே கை.

நாலைந்து கைக்குட்டை தைத்து அனுப்புங்கள். கடைக் கைக்குட்டை ஈரத்தை உறிஞ்சுவதில்லை. புதுத்துணி வேண்டாம், உங்கள் பழைய சட்டை போதும்.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால், அழுதேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். கை வேர்வைதான்.

உங்கள் சின்னவள்