பெங்குயின் கணக்கு

மார்ச் 4

அன்புள்ள பெங்குயினுக்கு,

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நீ வெளிநாடு போய் பதினாலு மாதம். கட்டிலில் உன் பக்கம் இப்போது துவைத்த துணி கிடக்கிறது.

எங்கள் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் பெரிய ரகளை. போன செவ்வாய் யாரோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து நோயாளிகளின் பதிவு முழுவதையும் பூட்டிவிட்டார்கள். கவுண்டர் பெண் ஏதோ மெயிலைத் திறந்ததுதான் காரணம் என்று மேலாளர் அவளை அன்றே வெளியே அனுப்பிவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளி, கேட்க நாதியில்லை. தன் பாஸ்வேர்டை மானிட்டரிலேயே ஒட்டிவைத்திருக்கும் மேலாளரை யார் கேட்பது?

கவுண்டரில் விண்டோஸ், பதிவெல்லாம் இருக்கும் என் சர்வரில் லினக்ஸ். எது பாதுகாப்பு என்று ஒப்பிட்டு என்னிடம் அறிக்கை கேட்கிறார்கள். நம் பழைய சண்டை: விண்டோஸ் கட்சி என்பதால் நான் ஜன்னல், லினக்ஸின் சின்னத்தால் நீ பெங்குயின்! நீ என்ன சொல்கிறாய்?

தினமும் காலையில் சர்வர் திரையில் எனக்காக ஒரு வரி எழுதிவைப்பாயே, அது இல்லாமல் இந்த ஒரு வாரமாகப் பொழுதே விடியவில்லை.

உன் ஜன்னல்

மார்ச் 13

ஜன்னலம்மா,

இதில் என்ன சந்தேகம்? உன் விண்டோஸில் கவுண்டர் முழுக்க எல்லாரும் அட்மின். வீட்டில் ஆளுக்கொரு பீரோ சாவி கொடுத்த மாதிரி. லினக்ஸில் அவரவருக்கு அளந்துதான் உரிமை. கவுண்டர் வழியாகத்தான் வந்திருப்பான் என்று தைரியமாக எழுது.

இங்கே ஒரு அறையில் ஆறு பேர். "தூக்கத்துல யாரோட சண்டை போடுற?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். உன்னோடுதான்.

உன் பெங்குயின்

மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று காட்டும் நுழைவுப் பதிவுகளை மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். கவுண்டர் பெண் எதையும் திறக்கவில்லை. பூட்டு சர்வரில் தொடங்கித்தான் கவுண்டருக்குப் பரவியிருக்கிறது. சர்வருக்குள் வந்த கணக்கின் பெயர் பெங்குயின்.

எனக்கு அந்த ஒரு வரி எழுத வெளியிலிருந்து நீ திறந்துவைத்த வழி. பாஸ்வேர்ட் நம் கல்யாணத் தேதி. எவனோ கண்டுபிடித்துவிட்டான். அதற்கு முழு உரிமை கொடுத்தது நான். அளந்து கொடுக்க என் கை வரவில்லை.

இப்போது சொல், எது பாதுகாப்பு?

கணக்கு உன்னுடையது என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பு. அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீட்டில் மூன்று பேர் சாப்பாடு.

ஜன்னல்

மார்ச் 31

ஜன்னலம்மா,

பைத்தியமா உனக்கு? இரண்டு வரிக் கட்டளையில் அந்த நுழைவுப் பதிவு அழிந்துவிடும். அழித்துவிடு. இங்கே தெரிந்தால் என் வேலை போகும். அவளுக்கு வேறு கவுண்டர் கிடைக்காதா?

இத்துடன் உன் விசா தாள். எத்தனை பேர் காலைப் பிடித்து வாங்கினேன் தெரியுமா? தனி வீடும் பார்த்துவிட்டேன், சின்னதுதான். கெடுத்துவிடாதே, கண்ணு. வந்துவிடு.

உன் பெங்குயின்

ஏப்ரல் 11

அன்புள்ள உனக்கு,

அறிக்கை கொடுத்துவிட்டேன். விண்டோஸுக்கு ஒரு பக்கம், லினக்ஸுக்கு ஒரு பக்கம், மூன்றாவது பக்கத்தில் நாம் இருவர். மேலாளர் படித்துவிட்டு, "ஒரே வரில எது நல்லதுன்னு சொல்லும்மா" என்றார். அப்புறம் என்னையும் வெளியே அனுப்பினார். உன் கம்பெனிக்கு எழுதுவாரா, தெரியாது.

கவுண்டர் பெண் திரும்பச் சேர்ந்துவிட்டாள். வாசலில் பார்த்தேன். "நன்றியெல்லாம் சொல்ல மாட்டேங்க்கா. ஒரு மாசமா எங்க தெருவுல என்னைத் திருடின்னு பேசினாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது வேண்டியதுதான்.

விசா தாளை எத்தனை தடவை பிரித்துப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் பக்கத்தில் படுக்க உடம்பு முழுக்க ஏங்குகிறது. ஆனால் வந்தால், நீ தூங்கும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இரண்டு வரிக் கட்டளையை நினைத்துக்கொண்டிருப்பேன்.

தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மனைவியாக இருந்தவள்