ஆற்றுக்கு மறியல் இல்லை

என் உயிர் மச்சான் ஏழுமலைக்கு,

நடந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நேற்று சாயங்காலம் கோமுகி ஆற்று மணலில் நீ ஆசைப்பட்ட கச்சேரி நடந்தேவிட்டது. ராத்திரி பூராவும் தூக்கமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நீ இருந்தால், 'உன் எழுத்து என்னிக்கிடா நேரா இருந்துச்சு' என்று கேட்டிருப்பாய்.

தபால் ஓடி நாலைந்து நாளாகிறது. பஸ் இல்லை, லாரி இல்லை. இடஒதுக்கீடு கேட்டு உங்கள் சாதி ஜனம் சாலை மறியலில் இறங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சி ரோடு நெடுக புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். நல்லவேளை, உனக்கு எழுதுவதற்குத் தபால்காரர் தேவையில்லை.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கும். அம்மன் கோயில் திருவிழாவில் நீ தவில் வாசிப்பாய், நான் தூரத்தில் நின்று கேட்பேன். மாதா கோயில் தேர் வரும்போது நான் பேண்டு செட்டோடு கிளாரினெட் ஊதுவேன், நீ எதிர் டீக்கடையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவாய். நம் இரண்டு பேர் பெயரும் ஒரே நோட்டீஸில் வந்ததே இல்லை. சேர்ந்து வாசித்ததெல்லாம் கோடையில், வற்றிப்போன ஆற்று மணலில், ஆடு மேய்க்கிறவர்கள் கேட்க.

அப்புறம் அந்தக் கல்வராயன் மலைக் கல்யாணம். அங்கே மலைக்காரர் வெள்ளையன் கோஷ்டியின் மேளத்தைக் கேட்டுவிட்டு நீ உன் தவிலை உறையில் போட்டுக் கட்டிவிட்டாய். "இதுக்கு முன்னால நான் இன்னாத்த வாசிக்கிறது" என்றாய். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கீழ வரணும். கல்யாணத்துக்கு இல்ல, சாவுக்கு இல்ல. விருந்தாளியா வரணும். பாய் போட்டு உக்கார வெச்சி, மொதப் பந்தி உங்களுக்கு" என்றாய். வெள்ளையன் சிரித்தார். "கீழ எங்கள நிக்க வெச்சித்தான் அடிக்கச் சொல்லுவாங்க, சாமி" என்றார். அன்றைக்கு உனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆறு மாதத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, "வெள்ளையங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தம்டா" என்றாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்த இரண்டு வருஷ அலைச்சல்.

யார் யாரை அழைத்தேன் தெரியுமா? திருக்கோவிலூரிலிருந்து நாகஸ்வரக் கோஷ்டி. உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து தாயிரா என்கிற வட்ட மேளம் அடித்துப் பாடும் பக்கிரிமார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு வயலின்காரர், அவர் தமிழ் பேசினாலும் பிரெஞ்சு மாதிரியே இருக்கும். ஒவ்வொருவர் வீட்டுக்கும் தட்டோடு போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தேன். வெள்ளையனுக்கு மலையேறிப் போய் வைத்தேன். அதன் பிறகுதான் மறியல் அறிவிப்பு வந்தது. மற்றவர்களுக்கு எப்படியாவது தகவல் சொல்லி நிறுத்தலாம். மலைக்குப் போய், அழைத்த வாயாலேயே வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் முந்தின நாளே நடக்க ஆரம்பித்திருப்பார்கள். அவர்கள் வந்து இறங்கி வெறும் மணலைப் பார்த்தால் உன் வார்த்தை என்னாவது?

நேற்றுக் காலை பால்காரர் சேதி கொண்டுவந்தார். திருக்கோவிலூர் வேன், பக்கிரிமார்கள், வயலின்காரர் எல்லாரும் கிராமத்து வழியாகச் சுற்றி வந்து வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களாம், திரும்பிப் போகச் சொல்கிறார்களாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். வெட்டிப் போட்ட மரத்தின் மேல் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? உன் தம்பி வேலுதான். அந்த இடத்துக்கு அவன்தான் பொறுப்பு.

எனக்கு வாய் முந்திக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியாதா? "வேலு, இன்னாடா இது? உங்க அண்ணன் பேர்ல நடக்கிற கச்சேரிடா. அவங்கள உடு" என்று கத்தினேன்.

அவன் மரத்தை விட்டு இறங்கவில்லை. "எங்க அண்ணன் பேர்லயா? பாண்டிக்கு பஸ் ஏறிப் போயி பாக்கு வெச்ச. மலைக்கு ஏறிப் போயி வெச்ச. எங்க வூடு எங்க கீதுன்னு உனக்குத் தெரியாதாண்ணே? எங்க அண்ணிக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

"நம்ம வூட்டுக்கு எதுக்குடா பாக்கு" என்றேன்.

"நம்ம வூடுன்னா வந்துகினு போய்க்கினு இருக்கணும்" என்றான்.

ஆயுசு பூராவும் பாக்கு வாங்கியே பிழைத்தவன் நான். எந்த வீட்டில் முறையாக அழைத்தார்கள், எந்த வீட்டில் அலட்சியமாக அழைத்தார்கள் என்று ஊருக்கே கணக்குச் சொல்வேன். அப்படிப்பட்டவன் ஊரையெல்லாம் அழைத்துவிட்டு உன் வீட்டை விட்டுவிட்டேன். உரிமையில் விட்டுவிட்டதாகச் சொன்னது பாதிப் பொய் மச்சான். எனக்குப் பயம். நீ இருந்தவரை உன் தோளை ஒட்டிக்கொண்டு உங்கள் தெருவில் நடந்தேன். நீ போனபின் தனியாக நடக்கக் கால் வரவில்லை. உன் திவசத்துக்குக்கூட வரவில்லை. இந்த ஒரு மாதமாக எங்கள் காலனிக்கும் உங்கள் தெருவுக்கும் நடுவே அடிதடி வரப்போகிறதென்று ஆளுக்கொரு வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அது வசதியான சாக்காகப் போயிற்று.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மறியலில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நடவு வேலைக்குப் போகிறவர் போலிருந்தார், இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். "வெத்தல பாக்கு எங்கிட்ட கீது. தட்டுக்கு எங்க போறது, துண்ட விரி" என்றார். விரித்தேன். நாலு வெற்றிலையும் இரண்டு கொட்டைப் பாக்கும் விழுந்தன. அதை வேலுவிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு நீட்டற? எங்க அண்ணிக்குப் போயி வெய்யி. அவங்க எடுத்தாங்கன்னா அப்பறம் பாக்கலாம்."

உச்சி வெயிலில் உங்கள் தெருவுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் சைக்கிள் ஹேண்டிலையே பார்த்துக்கொண்டு போனேன். உன் அஞ்சலை வீட்டு வாசலில் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வாங்கண்ணே" என்றது. அவ்வளவுதான். நான் துண்டோடு கீழே குந்தினேன்.

"ரெண்டு வருசம் ஆவுதுண்ணே" என்றது அஞ்சலை. "அவரு செத்துட்டாரு, சரி. நானும் செத்துட்டன்னு நெனச்சிக்கினீங்களா?"

அழுதுவிட்டேன் மச்சான். தெருவே பார்க்க, கிளாரினெட் வாத்தியார் சூசை குழந்தை மாதிரி அழுதேன். அஞ்சலை என்னை அழவிட்டது. பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துண்டிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது. "எத்தினி மணிக்கு வரணும்?" என்று கேட்டது.

திரும்பிப் போனபோது வெறும் துண்டை வேலு பார்த்தான். "எடுத்தாங்களா?" என்றான். தலையாட்டினேன். "ரோட்ட தொறக்க முடியாதுண்ணே. ஜெயிலுக்குப் போயிருக்காங்க எங்க ஆளுங்க. அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படித்து வாங்கிய சர்டிபிகேட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு மூட்டை தூக்குகிற பிள்ளை அவன். பிறகு அவனே சொன்னான்: "ஆனா ஆத்துல யாரும் மறியல் பண்ணலியே. ஆத்தோட கூட்டிக்கினு வா."

அந்த ஊர்வலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முழங்கால் தண்ணீரில் பாண்டிச்சேரிக்காரர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, வயலின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பக்கிரிமார்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். நாகஸ்வரக்காரர் ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டினார், ஆனால் நடந்தார். மறியல் பையன்கள் நாலு பேர் கரையில் கூடவே வந்து ஆழமான இடங்களைக் காட்டினார்கள்.

நம் இடத்துக்கு வந்து பார்த்தால் எல்லாருக்கும் முன்னால் புங்கமரத்தடியில் வெள்ளையன் கோஷ்டி உட்கார்ந்திருக்கிறது. காட்டுவழியாகவே இறங்கி வந்துவிட்டார்கள். "ரோடு மூடிக் கெடக்குதாமே, அப்படியா?" என்று கேட்டார் வெள்ளையன். வண்டியை நம்பினவர்கள் நின்றார்கள், காலை நம்பினவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

முதல் பந்தி அவர்களுக்குத்தான். பாய் போட்டு, இலை போட்டு, என் மனைவி லூர்துதான் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து அதே பாயில் உட்கார்ந்து மேளத்தைத் தொட்டார்கள். இரண்டு நிமிஷம்தான் ஆகியிருக்கும், வெள்ளையன் நெளிய ஆரம்பித்தார். "உக்காந்து அடிச்சா கை வரமாட்டேங்குது சாமி" என்று எழுந்தார். உட்காரச் சொல்லி அவர் கையைப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இப்ப நாங்களா நிக்கறம். அது வேற" என்றார். அப்புறம் ஆடிக்கொண்டே அடித்தார்கள் பார், மணலில் என் பாதம் அதிர்ந்தது.

அடுத்தது நாகஸ்வரம். அப்போதுதான் அந்தக் கோஷ்டியின் தவில்காரர் வெறுங்கையோடு நிற்பதைக் கவனித்தேன். அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்க முடியாதென்று தவிலை வேனிலேயே விட்டுவிட்டாராம். வாசிக்கும்போது விரலில் மாட்டுகிற கூடு மட்டும் சட்டைப் பையில் இருக்கிறது. நான் விழித்துக்கொண்டு நிற்க, பெண்கள் பக்கமிருந்து அஞ்சலை எழுந்து, எப்போது வந்தானோ, கரையில் நின்ற வேலுவிடம் ஏதோ சொன்னது. அவன் ஓடினான். வரும்போது அவன் தோளில் உன் தவில்.

வார் தளர்ந்திருந்தது. தவில்காரர் இழுத்து முடுக்கி, மேற்கு வெயிலில் காட்டித் தட்டித் தட்டிப் பார்த்தார். வலந்தலைத் தோலில் முதல் அடி விழுந்தபோது நான் அஞ்சலையைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பிறகு நாகஸ்வரத்தோடு தாயிரா சேர்ந்தது, வயலின் நுழைந்தது, வெள்ளையன் மேளம் உன் தவிலோடு கேள்வி பதில் போட்டது. நான் எப்போது கிளாரினெட்டை வாயில் வைத்தேன் என்றே எனக்குத் தெரியாது. அக்கரையில் மறியல்காரர்கள், இக்கரையில் எங்கள் காலனி, நடுவில் முழங்கால் தண்ணீர். பாதியில் பார்க்கிறேன், தண்ணீருக்குள் இறங்கி நின்று இரண்டு பக்கத்து ஆட்களும் கேட்கிறார்கள். உனக்குக் கேட்டதா?

இன்றைக்கும் ரோடு திறக்கவில்லை. விருந்தாளிகள் எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலுமாகப் படுத்திருக்கிறார்கள். நாளைக்கு மறுபடி வதந்தி கிளம்பலாம், எனக்கு மறுபடி பயம் வரலாம். ஒரே ஒரு கச்சேரியில் எல்லாம் சரியாகிவிட்டதென்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். நேற்று கிளம்பும்போது அஞ்சலை, "அடுத்த வருசம் எப்ப வந்து அழைப்பீங்கண்ணே?" என்று கேட்டது. அடுத்த வருஷம் வரைக்கும் எதற்கு? நாளைக் காலையில் உங்கள் தெருவில் நடந்து வருகிறேன். விசேஷம் எதுவும் இல்லை, கையில் தட்டும் இருக்காது. சும்மா வந்து உட்கார்ந்து இரண்டு மல்லாட்டை உரித்துப் போட்டுவிட்டுப் போகிறேன். அதற்கு மறுநாளும் வருவேன். வீட்டு ஆளை யார் அழைப்பார்கள்?

உன் அஞ்சலைக்கு அண்ணனும்,
உனக்கு என்றைக்கும் மச்சானுமாகிய
சூசை